செயலாளர் ஆண்டறிக்கை: பின்னணியில் ஓடாத வேலைகள்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மொபைல் செயலி எழுதும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது. நான் அதில் தலையிடவில்லை.

எந்தத் தலைப்பில் கூடினாலும் பேச்சு ஒரே புகாரில் போய் நின்ற ஆண்டு இது: "என் போனில் ஓடுது, பயனர் போனில் ஓடல." ஒருவருக்கு இரவில் நடக்க வேண்டிய காப்புப் பதிவு, இன்னொருவருக்கு மாத்திரை நினைவூட்டல், வேறொருவருக்குப் படப் பதிவேற்றம். செயலி திறந்திருக்கும் வரை எல்லாம் சரி, மூடினால் நின்றுவிடும். இப்படிச் செயலி மூடியிருக்கும்போதும் நடக்க வேண்டியவைதான் பின்னணி வேலைகள். எனவே பிற்பாதிக் கூட்டங்களை இதற்கே ஒதுக்கினோம்.

முதலில் ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டோம். வேலை முறையாகப் பதிவானதா? பதிவாகியும் காத்துக் கிடக்கிறதா? அல்லது தொடங்கி, பாதியில் செத்ததா? இந்த மூன்றில் எது என்று தெரியும் முன் நிரலில் கை வைக்கக் கூடாது. ஆண்ட்ராய்டில், போனைக் கேபிளில் இணைத்துக் கணினியிலிருந்து கொடுக்கும் 'ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் ஜாப்ஷெட்யூலர்' கட்டளை முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடும். எந்த நிபந்தனை நிறைவேறாமல் வேலை நிற்கிறது என்பது வரை காட்டும். இந்த ஒரு கட்டளையைப் பழகியதே ஆண்டின் பெரிய லாபம் என்பது என் கருத்து.

பதிவில் வரும் சிக்கல் பெரும்பாலும் சின்னது. பின்னணி வேலைகளை அட்டவணைப்படுத்தும் ஆண்ட்ராய்டு நூலகமான ஒர்க்மேனேஜரில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்று எழுதினாலும் அது 15 நிமிடமாகத்தான் எடுத்துக்கொள்ளும். புதிய பதிப்பில் இடைவெளியை மாற்றியிருப்போம், ஆனால் இருப்பதை அப்படியே விடும் 'கீப்' கொள்கையில் பதிவு செய்திருந்தால் பழைய வேலையே தொடரும். அதற்கு ஒர்க்மேனேஜரின் 2.8 பதிப்பிலிருந்து 'அப்டேட்' கொள்கை இருக்கிறது.

அதிக நேரம் எடுத்தது இரண்டாவது கேள்விதான். ஆண்ட்ராய்டு 6 வந்த 2015 முதல் 'டோஸ்' என்ற மின்சேமிப்பு முறை இருக்கிறது. திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், அசையாமல் கிடக்கும் போனில் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும். 2018இல் ஆண்ட்ராய்டு 9 ஒவ்வொரு செயலியையும் அது எவ்வளவு புழங்குகிறது என்று பார்த்து வகை பிரிக்கத் தொடங்கியது; அரிதாகத் திறக்கப்படும் செயலிக்குப் பின்னணியில் கிடைக்கும் வாய்ப்பும் அரிது. இப்போது நம் மேசையைப் பாருங்கள். போன் எப்போதும் கேபிளில், அதாவது சார்ஜில். செயலியை நாள் முழுக்க நாமே திறந்து மூடுகிறோம். டோஸும் வராது, வகையும் இறங்காது. நம் போனில் ஓடுவதற்கு இதுவே காரணம்! 'டம்ப்சிஸ் பேட்டரி அன்பிளக்' கொடுத்து, அப்புறம் 'டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் ஃபோர்ஸ்-ஐடில்' கொடுத்தால் பயனரின் இரவு நம் மேசைக்கே வந்துவிடும். முடிந்ததும் 'டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் அன்ஃபோர்ஸ்', 'டம்ப்சிஸ் பேட்டரி ரீசெட்' இரண்டையும் கொடுக்க மறக்க வேண்டாம்.

மாத்திரை நினைவூட்டல் வேறு வகை. சொன்ன நேரத்துக்கு அடிக்க வேண்டியதை ஒர்க்மேனேஜரிடம் கொடுக்கவே கூடாது, குறித்த நேரத்தில் எழுப்பும் அலாரம்மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். துல்லிய அலாரத்துக்கு ஆண்ட்ராய்டு 12இல் தனி அனுமதி வந்தது. ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேற்பட்டதை இலக்காகக் கொண்ட செயலியை ஆண்ட்ராய்டு 14 போனில் புதிதாக நிறுவினால், அந்த அனுமதி தானாகக் கிடைக்காது. போனை அணைத்து இயக்கினால் அலாரங்கள் அழிந்துவிடும் என்பதால் மறுபடி பதிய வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு லாக், அதாவது செயலி எழுதி வைக்கும் நடப்புப் பதிவு, இல்லாமல் பதில் இல்லை. ஒர்க்மேனேஜர் ஓட்டும் சாதாரண ஒர்க்கருக்கு (ஒரு வேலைக்கான நிரல் துண்டுக்கு) 10 நிமிடம்தான் அவகாசம். பிடிக்கப்படாத பிழை ஒன்று எழுந்தாலும் வேலை தோல்வி என்று முடியும், தானாக மறுமுயற்சி நடக்காது. மறுமுயற்சி வேண்டுமானால் 'ரீட்ரை' என்று நாமே திருப்பித் தர வேண்டும். அப்போது ஒரே வேலை இருமுறை ஓடினாலும் தரவு கெடாதபடி எழுதியிருக்க வேண்டும்.

ஐஓஎஸ் கூட்டம் காரசாரமாகப் போனது. ஐஓஎஸ் 13இல், 2019இல் பின்னணி வேலைகளுக்காக வந்த 'பிஜி டாஸ்க் ஷெட்யூலர்' நேரம் எதற்கும் உறுதி தராது. நாம் கொடுக்கும் நேரத்துக்கு முன்னால் ஓடாது, அவ்வளவுதான். பின்னால் எப்போது என்பது இயங்குதளத்தின் விருப்பம். புதுப்பித்தல் வேலைக்குச் சுமார் 30 வினாடி கிடைக்கும். வேலையின் அடையாளப் பெயர் செயலியின் அமைப்புக் கோப்பான இன்ஃபோ.பிலிஸ்ட்டில் இருக்கிறதா, செயலி திறந்து தயாராகும் முன்பே வேலையைப் பதிந்தோமா, ஒவ்வொரு முறையும் அடுத்ததைக் கோரினோமா, முடிந்ததும் இயங்குதளத்துக்குச் சொன்னோமா என்று பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும். பயனர் செயலியை மேலே தள்ளி மூடிவிட்டாலோ, குறைந்த மின் பயன்முறையைப் போட்டாலோ நம்மால் செய்வதற்கு ஒன்றுமில்லை. "இதை வாடிக்கையாளருக்கு எப்படிச் சொல்வது?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஒப்பந்தம் போடும் முன்பே சொல்லிவிடுவதுதான் வழி.

பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கேட்டுப் பயனரைத் தொந்தரவு செய்யலாமா என்பதில் உடன்பாடு வரவில்லை. சில தயாரிப்பாளர்கள் தங்கள் போன்களில் கூடுதல் கெடுபிடி வைத்திருக்கிறார்கள், ஆகவே கேட்டே தீர வேண்டும் என்பது ஒரு தரப்பு. விலக்கு இல்லாவிட்டால் முக்கியப் பணியே கெடும் செயலிகளைத் தவிர மற்றவை நேரடியாகக் கேட்பதை கூகுள் பிளே விதிகள் அனுமதிப்பதில்லை என்பதை நினைவூட்டுகிறேன். இன்றைய ஆப்களில் பெரும்பாலானவை அந்த விலக்குக்கு உரியவை அல்ல என்பது என் எண்ணம். காலையில் செயலியைத் திறந்தவுடன் விடுபட்டதைப் பிடித்துக்கொள்ளும்படி எழுதினால் பாதிப் புகார் எழவே எழாது.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். உறுப்பினர்களிடம் சும்மா கிடக்கும் பழைய போன்களைச் சேர்த்துச் சோதனைக்கு இரவல் தருவது. சங்கத்தில் புகார் வைப்பவர் போன் மாதிரி, இயங்குதளப் பதிப்பு, பேட்டரி அமைப்பு, செயலி கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் ஆகியவற்றோடுதான் வைக்க வேண்டும் என்பது. இரண்டும் இன்று வாக்கெடுப்புக்கு வருகின்றன.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்