விசா மட்டும் போதாது: வெளிநாட்டு வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலி, ருமேனியா, இஸ்ரேல் என்று விவசாய வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லும் விளம்பரங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவிலேயே இரண்டு பெண்கள் கடவுச்சீட்டு எடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். "விசா ஒழுங்கா இருந்தாப் போதும் அக்கா, மத்ததைப் போய்ப் பாத்துக்கலாம்" என்கிறார்கள். விசாவே தேவைப்படாத பெண்கள் அந்த வயல்களில் படும் பாட்டை நேரில் கண்டவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். இத்தாலியின் சிசிலித் தீவில் வித்தோரியா என்ற ஊரில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்தேன். ரகுசா மாகாணத்தின் அந்தக் கரையோரம் கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் கூடாரங்கள்தான். குளிர்காலத்திலும் தக்காளியும் கத்தரியும் காய்க்கும். உள்ளே வேலை செய்பவர்களில் துனீசியாக்காரர்களும் ருமேனியப் பெண்களும் அதிகம். அந்தப் பெண்களில் ஒருத்தி பின்வளவுக் குழாயில் கைகழுவ வருவாள். தக்காளிச் செடியின் பிசின் உள்ளங்கையில் கரும்பச்சையாக அப்பியிருக்கும், சவர்க்காரத்துக்கு அசையாது. ஒரு பச்சைக் காயைக் கையிலேயே நசுக்கித் தேய்ப்பாள், கறை மஞ்சளாகக் கரைந்து ஓடும். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த என் அம்மாவின் விரல்கள் ஞாபகம் வந்துதான் அவளோடு பேச்சுக் கொடுத்தேன்.

அவள் ரோமா இனத்தவள். வடஇந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் போன மக்களின் வழிவந்தவர்கள் அவர்கள். இன்றைய ருமேனியா இருக்கும் மண்ணில் 1850களின் நடுப்பகுதிவரை மடாலயங்களும் பிரபுக்களும் அரசும் அவர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். விடுதலை வந்தபோது நிலம் வரவில்லை. கூடாரத்தில் கூட வேலை செய்யும் ருமேனியப் பெண்களிடம்கூடத் தன் இனத்தைச் சொல்லமாட்டாள்; தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்களாம். ருமேனியா 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது. அவள் பஸ் ஏறி வந்து இறங்கலாம், விசா இல்லையென்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அப்படியிருந்தும் மாதம் முழுக்க வேலை செய்தவளுக்குப் பதிவில் ஏறியது சில நாட்கள்தான்.

இதைத்தான் நம் பெண்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இத்தாலியில் விவசாயக் கூலிக்கு எல்லாமே பதிவான நாட்களை வைத்துத்தான். 51 நாள் பதிவானால் மகப்பேற்று, நோய்க்காலக் கொடுப்பனவுகளுக்கு வழி உண்டு. இரண்டு வருஷத்தில் 102 நாள் இருந்தால் வேலையில்லாக் காலத்துக்கு உதவி கிடைக்கும். முதலாளி பாதியை எழுதாமல் விட்டால் அத்தனையும் போச்சு. அவள் உழைத்த நாள், வயலில் கால் வைக்காத இன்னொருவர் பேரில் ஏறுவதும் அங்கே ஊரறிந்த சங்கதி.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 18 கிலோ கொழுந்து கேட்கிற மலையில் 15 கிலோ எடுத்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். செக்ரோல் என்ற தோட்டத்து வேலைநாள் பதிவேட்டில் விழாத நாளுக்குச் சேமலாப நிதியும் இல்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமையைப் பறிகொடுத்த சனம் நாங்கள். பத்திரம் கையில் இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும் என்று நம்மவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ரோமாப் பெண்ணிடம் எல்லாப் பத்திரமும் இருந்தது.

முறைப்பாடு செய்யேன் என்று ஒருநாள் கேட்டேன். அவள் குடியிருந்தது முதலாளியின் காணியில், கூடாரத்தோடு ஒட்டிய சாமான் அறையில். வேலை போனால் பிள்ளையோடு அன்றைக்கே தெருவில் நிற்கவேண்டும். இப்படி ஒதுக்குப்புறமாக இருக்கும் பெண்களிடம் இரவில் முதலாளிகள் அத்துமீறுவது பற்றி இத்தாலியப் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவள் அதைப்பற்றி என்னிடம் பேசவில்லை, நானும் தோண்டிக் கேட்கவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2015 ஜூலையில் தென் இத்தாலியின் அந்திரியா என்ற ஊரில் திராட்சைத் தோட்ட வேலையின்போது பவோலா கிளெமெந்தே என்ற 49 வயது இத்தாலியப் பெண் இறந்தார். அவருடைய நாட்கூலி 27 யூரோ என்று தெரியவந்ததும் நாடே கொதித்தது. அடுத்த வருஷம் வந்த 199ஆம் இலக்கச் சட்டம், ஆள் பிடித்துக் கொடுப்பவரோடு சுரண்டும் முதலாளிக்கும் 1 முதல் 6 வருஷம் வரை சிறை என்கிறது. அந்தச் சட்டம் தன் பக்கம் வரவேண்டுமானால் வேலை செய்த நாளுக்கு ஏதாவது ஆதாரம் அவளிடம் இருக்க வேண்டுமே.

ஆகவே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் ஒரு கோரிக்கை. வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கான பயிற்சியில், அந்தந்த நாட்டில் வேலைநாள் எப்படிப் பதிவாகிறது, அதை எங்கே போய்ச் சரிபார்ப்பது என்பதைத் தமிழிலும் சொல்லிக்கொடுங்கள். தங்குமிடம் முதலாளியின் காணியிலா வெளியிலா என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். உங்கள் பத்திரிகையும் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் பெரிய உதவி.

போகிற தங்கச்சிமாருக்கு: ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கையில் வந்த காசு, வேனில் ஏற்றிப்போனவரின் பெயர், எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். மாதம் முடிந்ததும் சம்பளத் துண்டைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள நாட்களைக் கொப்பியோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் அந்த மாதமே ஒரு தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போங்கள்.

வாசகி ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13