எந்த கேம் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததையொட்டி, பழைய கணினிகளை என்ன செய்யலாம் என்று எழுதியிருந்தீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை நல்லது. ஆனால் கடைசிப் பத்தியில், வீட்டில் கேம் விளையாடுகிறவர்கள் இருந்தால் லினக்ஸ் பக்கமே போக வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரி பத்து ஆண்டுகளுக்கு முன் சரி. இன்று பாதிதான் சரி. அந்தப் பாதி எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் தஞ்சாவூரில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில், தொடக்க ஆண்டுகளில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது அது. பையன்கள் மடிக்கணினியைக் கையில் வாங்கிய வாரமே கடைக்கு வந்துவிடுவார்கள். "அந்த பாஸை எடுத்துட்டு இடத்தை விண்டோஸுக்கே குடுத்துடுங்கண்ணே, அதுல கேம் ஓடாது." நானும் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவர்கள் சொன்னது உண்மை.

அப்போது எல்லோரும் எதிர்பார்த்தது, கேம் கம்பெனிகள் லினக்ஸுக்கென்று தனியாக ஒரு பதிப்பு செய்து தரும் என்று. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனமும் அப்படித்தான் நினைத்தது. விண்டோஸ் 8 வரவிருந்தபோது வால்வின் தலைவர் கேப் நியூவெல் அதைப் பேரழிவு என்றே சொன்னார். மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையை உள்ளேயே கொண்டுவந்துவிட்டால் ஸ்டீம் கடைக்கு என்ன கதி என்ற பயம். 2013-இல் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015-இல் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் என்ற கேம் பெட்டிகளும் வந்தன, யாரும் சீந்தவில்லை. நூற்றில் ஒருவர் பயன்படுத்தும் இயங்குதளத்துக்காக எந்த கம்பெனி பணம் செலவழிக்கும்? செலவழித்துச் செய்தவர்களும் பிறகு கைவிட்டார்கள். ராக்கெட் லீக் என்ற கேம் 2020 மார்ச்சில் லினக்ஸ் ஆதரவை நிறுத்தியது.

கேம் கம்பெனிகளைக் கெஞ்சுவதை விட்டுவிட்டு வேறு வழி தேடியபோதுதான் கதவு திறந்தது. 2018 ஆகஸ்டில் விண்டோஸ் கேம்களை அப்படியே லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற மென்பொருளை வால்வ் வெளியிட்டது. அதன் அடித்தளம் 1993-இலிருந்து தன்னார்வலர்கள் எழுதிவரும் வைன் என்ற மென்பொருள். தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதித் தருகிறவரைப் பார்த்திருப்பீர்கள். வந்தவர் எப்படிச் சொன்னாலும், உள்ளே இருக்கும் அதிகாரிக்குப் பழகிய படிவத்தில் அதை எழுதிக் கொடுத்துவிடுவார். வைன் செய்வதும் அதே வேலை. விண்டோஸிடம் கேட்பதாக நினைத்து கேம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குத் தெரிந்த விதத்தில் மாற்றிக் கொடுக்கும்.

கஷ்டமான இடம் கிராஃபிக்ஸ். விண்டோஸ் கேம்கள் டைரக்ட்எக்ஸ் என்ற முறையில் படம் வரையும். லினக்ஸில் அது கிடையாது. 2016-இல் வல்கன் என்ற பொது முறை வந்த பிறகு, டைரக்ட்எக்ஸை வல்கனாக மாற்றும் டி.எக்ஸ்.வி.கே. என்ற மென்பொருளை பிலிப் ரெபோலே என்ற நிரலாளர் எழுதத் தொடங்கினார். காரணம் பெரிய லட்சியம் ஒன்றுமில்லை. நியர்: ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் விளையாட அவருக்கு ஆசை, அவ்வளவுதான். வால்வ் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவிக்குள் ஓடுவது, ஆர்ச் என்ற லினக்ஸ் வகையை வைத்து வால்வ் செய்த இயங்குதளம். இந்தியாவில் அதிகாரபூர்வ விற்பனை இல்லாமல், இறக்குமதிக் கடைகளில் கூடுதல் விலைக்கு வாங்கினார்கள் நம் பையன்கள். அதே மாதம் வந்த எல்டன் ரிங் என்ற கேம் விண்டோஸ் கணினிகளில் திக்கித் திக்கி ஓடியது. வால்வின் ஆட்கள் புரோட்டானில் ஒரு மாற்றம் செய்து, டெக்கில் அந்தத் திக்கலைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். விண்டோஸுக்காக எழுதிய கேம், லினக்ஸில் ஒழுங்காக! எனக்கே அப்போதுதான் நம்பிக்கை வந்தது. லினக்ஸுக்கென்றே செய்த பழைய பதிப்புகள் லினக்ஸின் புதிய துணை நிரல்களோடு ஒத்துப்போகாமல் திறக்காது. அதே கேமின் விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் ஓடிவிடும். இந்தக் கூத்தையும் கடையில் பலமுறை பார்த்துவிட்டேன்.

சரி, ஓடாதது எது?

போன மாதம் ஒரு பையனின் கணினிக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஏழாம் தலைமுறை இன்டெல் சிப். விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. அவனிடமிருந்த கேம்களில் நான்கைந்தை அங்கேயே ஓட்டிக் காட்டினேன், சந்தோஷமாகப் போனான். ராத்திரி ஒன்பது மணிக்கு போன். நண்பர்களோடு சேர்ந்து ஆன்லைனில் விளையாடும் ஒரு கேம் மட்டும் திறந்தவுடன் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறதாம். அவனுக்கு அந்த ஒன்றுதான் கேம், மற்றதெல்லாம் மழைநாளுக்கு. எந்த கேம் என்று நான் கேட்காதது என் தவறு. மறுநாள் பாதி டிஸ்க்கில் விண்டோஸைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த கேமை ஓட்ட லினக்ஸுக்குத் தெரியாமல் இல்லை. அதோடு வரும் ஆன்டி-சீட், அதாவது ஏமாற்றி விளையாடுகிறவர்களைப் பிடிக்கும் மென்பொருள், லினக்ஸ் என்று தெரிந்ததும் உள்ளே விடாது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு பிரபல மென்பொருள்களும் 2021-இலேயே புரோட்டானில் இயங்க வழி செய்துவிட்டன. அனுமதிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த கேம் கம்பெனியின் விருப்பம். ஆர்க் ரெய்டர்ஸ் அனுமதிக்கிறது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் சில ஆண்டுகள் அனுமதித்துவிட்டு 2024 அக்டோபர் கடைசியில் கதவைச் சாத்தியது. ஜி.டி.ஏ. 5-இல் கதைப் பகுதி இன்றும் லினக்ஸில் ஓடுகிறது. 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்த பிறகு ஆன்லைன் பகுதி மட்டும் கிடையாது. வேலரண்ட், ஃபோர்ட்நைட், பேட்டில்ஃபீல்ட் 6 இவற்றுக்கெல்லாம் லினக்ஸில் வழியே இல்லை.

கம்பெனிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விண்டோஸில் ஆன்டி-சீட்டால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வரை இறங்கிக் கண்காணிக்க முடியும். லினக்ஸில் கெர்னலையே ஒருவன் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். அப்புறம் காவலாளி யாரை நம்புவது? ஆனால் ஒரு கேமுக்காகக் கணினியின் அடிமட்டம் வரை சாவியைக் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. 2024 ஜூலை 19-ஐ மறந்திருக்க மாட்டோம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட், கெர்னலில் உட்கார்ந்திருந்த காரணத்தால், 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்க வைத்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போதைக்கு கம்பெனிகள் மனம் மாறுவது எண்ணிக்கையைப் பொறுத்தது. ஸ்டீமின் 2025 அக்டோபர் கணக்கெடுப்பில் லினக்ஸ் முதல்முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது. இருபது ஆண்டு லினக்ஸ்காரனான எனக்கு அது தீபாவளி. கேம் கம்பெனியின் கணக்குப்பிள்ளைக்கு அது இன்னும் சில்லறை.

மாற நினைப்பவர்களுக்கு, கடையில் நான் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். புரோட்டான்டிபி என்ற தளத்தில் கேமின் பெயரைப் போட்டால், அதை லினக்ஸில் விளையாடியவர்களே எழுதிய அனுபவம் கிடைக்கும். எந்த கிராஃபிக்ஸ் கார்டு, புரோட்டானில் எந்தப் பதிப்பு என்பது உட்பட. ஏஎம்டி கார்டு என்றால், அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் லினக்ஸோடேயே வந்துவிடும். என்விடியா என்றால் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும்; டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸை விடக் கொஞ்சம் வேகம் குறையும். அப்புறம், பழைய விண்டோஸ் டிரைவில் இருக்கும் கேம்களை அங்கிருந்தபடியே லினக்ஸிலிருந்து ஓட்டப் பார்க்காதீர்கள். ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி (:) வந்தால் விண்டோஸ் ஏற்காது, புரோட்டான் அதைத் தாராளமாகப் போடும். டிரைவ் கெட்டுப்போய்த் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

அடுத்த இதழில் அந்தக் கடைசி வரிக்கு ஒரு திருத்தம் போட இடமிருந்தால், 'எந்த கேம் விளையாடுகிறீர்கள், அதில் ஆன்டி-சீட் உண்டா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்' என்று மாற்றிப் போடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு வரும் போன்கள் கொஞ்சம் குறையும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.