மாவு, மண்ணெண்ணெய், பெண் குழந்தை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆஸ்திரேலியாவின் 'டீ அண்ட் சுகர்' ரயிலைப் பற்றி, அதாவது வறண்ட சமவெளியில் தண்டவாளத்தோரம் வசித்த ரயில்வே ஆட்களுக்கு மளிகையும் கறியும் சம்பளமும் கொண்டுபோன ரயிலைப் பற்றி, வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என் அப்பா திண்டுக்கல் பக்கம் ரயில்வேயில், தண்டவாளம் பராமரிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக, கேங் மேஸ்திரியாக இருந்தவர். ரயில் என்று ஒரு வார்த்தை இருந்தால், கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூட நீவிவிட்டுப் படிக்கிற வீடு எங்களுடையது. கட்டுரை நன்றாகவே இருந்தது. ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: அந்த ரயில் 1970-களில் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை, 1917-இல் தொடங்கி 1996 வரை ஓடியது.

அடுத்தது திருத்தம் இல்லை, குறை. ரயிலோடு வந்த கசாப்புக்காரருக்கு ஒரு பத்தி, சம்பளம் பட்டுவாடா செய்ய வந்த குமாஸ்தாவுக்கு ஒரு பத்தி, தண்டவாளம் பார்த்த ஆட்களுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த ரயிலில் வந்த மாவையும் கறியையும் வைத்துக் குடும்பம் நடத்தியவர்களுக்கு 'குடும்பத்தினரும் உடன் வசித்தனர்' என்று அரை வரி. அந்த அரை வரிக்குள் என் சம்பந்தியம்மாவைப் பெற்றவர் இருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் அடிலெய்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். வருஷத்தில் பாதி நாள் எனக்கு அங்கேதான். போன வருஷம் பேரனைக் குடும்ப வரலாறு எழுதிவரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். என் பக்கத்துக் கதையை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டேன். சம்பந்தியம்மா எதுவும் பேசாமல் உள்ளே போய், கிளிப் படம் போட்ட பழைய ஆர்னாட்ஸ் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

அவருடைய பெற்றோர் லாட்வியா நாட்டுக்காரர்கள். போரில் ஊரை விட்டு ஓடி, ஜெர்மனியில் அகதி முகாமில் கிடந்து, 1949-இல் கப்பலேறி மெல்போர்ன் வந்தவர்கள். 1947 தொடங்கி ஐந்தாறு வருஷங்களில் ஏறத்தாழ 1,70,000 பேரை ஆஸ்திரேலியா இப்படி ஏற்றுக்கொண்டது. சும்மா இல்லை. இரண்டு வருஷம் அரசாங்கம் அனுப்பும் இடத்துக்குப் போய், கொடுக்கும் வேலையைச் செய்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். யார் என்ன படித்திருந்தாலும் பொதுவாக ஆண் என்றால் கூலியாள், பெண் என்றால் வீட்டு வேலை. சம்பந்தியம்மாவின் அப்பா ஊரில் வாத்தியார். அம்மா ரீகா நகரில் முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவச்சி. தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து பேரன் வரவழைத்த தாள்களில் இருவரின் புகைப்படமும் இருக்கிறது. கீழே தட்டச்சில் ஒருவருக்குக் கூலியாள், இன்னொருவருக்கு வீட்டு வேலை.

முதலில், வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த போனெகில்லா முகாம். அங்கிருந்து கணவருக்கு மத்திய அரசின் காமன்வெல்த் ரயில்வேயில் வேலை போட்டு அனுப்பிவிட்டார்கள். மனைவி ஒரு வருஷம் வேறு முகாமில். கணவர் அடிலெய்டு வந்து, போர்ட் பிரியில் வண்டி மாறி (ஆளுக்கொரு அகலத்தில் தண்டவாளம் போட்டுக்கொண்டு அந்த நாட்டு மாநிலங்கள் செய்த கூத்து அது), போர்ட் அகஸ்டாவும் தாண்டி, ஊல்டியா, குக் என்ற இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே ஒரு சைடிங்கில், அதாவது கிளைத்தடம் உள்ள சின்ன நிறுத்தத்தில் இறங்கினார். வேலை ஃபெட்லர், அதாவது தண்டவாளம் பராமரிக்கும் நம்ம ஊர் கேங்மேன். அந்தப் பாதையில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. உலகத்திலேயே நீளமான நேர்ப்பாதை அதுதான். சுற்றிலும் நல்லார்பார் சமவெளி. லத்தீனில் மரமே இல்லாதது என்று அர்த்தமாம். வாட்சன், ஃபிஷர், குக் என்று நிறுத்தங்களுக்குப் பிரதம மந்திரிகளின் பெயர்தான். இவர்கள் இருந்த சைடிங்கிலோ ஐந்து வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு போன். அவ்வளவுதான்.

ஊல்டியாவில் ஊற்று ஒன்று இருந்தது. காலங்காலமாகப் பூர்வகுடி மக்களுக்கு அதுதான் ஆதாரம். ரயில்வே குழாய் போட்டு இறைத்து 1920-களிலேயே அதைப் பாழாக்கிவிட்டது. சம்பந்தியம்மா இதைத் தானாகவே சொன்னார், யாரும் கேட்கவில்லை. இவர்கள் போனபோது சைடிங்குக்குத் தண்ணீரும் ரயிலில்தான். குளித்த தண்ணீரில் துணி அலசி, அலசிய தண்ணீரைத் தக்காளிச் செடிக்கு ஊற்றுவார்களாம்.

பாரம் பாரமாக ஆட்டுக்கறி வாங்கி, நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் அடுத்த ரயில் வரும்வரை எப்படி வைத்திருந்தார்கள்? கூல்கார்டி பெட்டி என்று ஒன்று. மரச்சட்டத்தைச் சுற்றிக் கோணிச்சாக்கு. மேலே தகரத் தட்டில் தண்ணீர். தட்டிலிருந்து பழந்துணியின் ஒரு முனை சாக்கின்மேல் தொங்கும். அது தண்ணீரை இழுத்துச் சாக்கை ஈரமாகவே வைத்திருக்க, காற்று பட்டு உள்ளே ஜில்லென்று ஆகும். நம் மண்பானைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தட்டில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது குழந்தைகளின் வேலை. மறந்தால் அடி விழுமாம்.

டிசம்பரில் அந்த ரயிலிலேயே கிறிஸ்துமஸ் தாத்தா வருவார் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். சம்பந்தியம்மா முதன்முதலில் பார்த்த தாத்தா மேல் ஆட்டுக்கறி வாசனை அடித்ததாம். கசாப்புப் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டியில் ஏறி வந்திருப்பார் போலிருக்கிறது.

டின்னில் ஒரு நோட்டுப் புத்தகம். லாட்விய மொழி, பென்சில் எழுத்து. சம்பந்தியம்மாவுக்கு அந்த மொழி பேச வரும், படிக்க வராது. அம்மாவின் டைரி என்று இத்தனை வருஷமும் திறக்காமலே வைத்திருந்தார். பேரன் கைப்பேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தான். டைரியும் இல்லை, ஒன்றும் இல்லை. ரயிலில் வாங்கவேண்டிய சாமான் பட்டியல். மாவு, ஈஸ்ட், மண்ணெண்ணெய், தனியாக இருந்த ஆட்களுக்கு யார் யாருக்கு எத்தனை பவுண்டு கறி என்ற கணக்கு. நானே கொஞ்சம் ஏமாந்துபோனேன்.

அப்புறம் ஆறாவதோ ஏழாவதோ பக்கத்தில் இப்படி வந்தது: 'மாவு 25 பவுண்டு. சோப்பு 2. செவ்வாய் விடியற்காலை, பெண், 7 பவுண்டு, தாய் நலம். மண்ணெண்ணெய்.'

பேரன் நிறுத்தி, திரும்பப் படித்தான். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகத் தேடினோம். பதினோரு குழந்தைகள். குக்கில் ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் வலி எடுத்தால் ரயில் வரும்வரை பொறுத்தாக வேண்டுமே, எல்லாக் குழந்தையும் பொறுக்குமா? சம்பந்தியம்மாவின் அம்மா படித்த மருத்துவச்சிப் படிப்பை அந்த நாடு ஏற்கவில்லை. பிரசவம் பார்க்க உரிமம் இல்லாததால்தான் அம்மா மளிகைக் கணக்குக்குள் ஒளித்து எழுதினார் என்பது சம்பந்தியம்மாவின் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் இருந்தது ஒரே நோட்டு, செவ்வாய்க்கிழமை நடந்ததைச் செவ்வாய்க்கிழமை எழுதிவைத்தார். இதில் எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.

குடியுரிமை வாங்கியபின் வாக்காளர் பட்டியலில் இருவர் பெயரும் ஏறியது. அந்த நாட்டுப் பட்டியலில் அப்போது தொழிலும் போடுவார்கள். கணவருக்கு முதலில் ஃபெட்லர், பிறகு கேங்கர், அதாவது கேங் மேஸ்திரி. மனைவிக்கு அன்றிலிருந்து கடைசிவரை ஒரே சொல்: வீட்டுப் பணி. 1988-இல் இறந்துபோனார். குக் ஊரும் 1997-இல் ரயில்வேயை விற்றபோது காலியாகிவிட்டது. அந்தக் கட்டுரையாளர் அடுத்த பாகம் எழுதுவதாக இருந்தால், தண்டவாளத்தில் நின்றவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் அடுப்படி நோட்டுகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். எத்தனை வீட்டு டின்களில் எத்தனை கிடக்கிறதோ.

நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். குழந்தைகளின் குடும்பப் பெயர்களை மட்டும் தாள் வைத்து மறைத்திருக்கிறேன். அவர்களில் மூன்று பேர் இன்னும் போர்ட் அகஸ்டாவில் இருக்கிறார்கள், சம்பந்தியம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறவர்கள். மண்ணெண்ணெய்க் கணக்கை மறைக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை (இப்போது அடிலெய்டு)