ஆறாம், ஏழாம் வகுப்பு பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கு வணக்கம்.

பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்து ரெண்டு வாரம் ஓடிடுச்சு. அரையாண்டு ரிசல்ட் நல்லா வந்திருக்கு, கபடி டீம் நல்லா ஆடினாங்க, சயின்ஸ் எக்ஸிபிஷனும் நல்லபடியா முடிஞ்சுது, எல்லாருக்கும் பாராட்டு. ரிப்போர்ட் கார்டுல இன்னும் கையெழுத்து போடாதவங்க போட்டு அனுப்பிடுங்க.

போன சனிக்கிழமை கோவளம் போயிட்டு வந்தோம். சென்னையில இருந்து நாப்பது கிலோமீட்டர் கூட வராது, ஆனா முட்டுக்காடு பாலம் தாண்டினதும் பிள்ளைங்க என்னமோ வெளிநாடு வந்த மாதிரி ஜன்னல்ல தொத்திக்கிட்டாங்க. விடியக்காலையிலேயே கிளம்பினதால படகு கரையேறுறதையும் மீன் ஏலத்தையும் பாக்க முடிஞ்சுது. மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க சங்கராவுக்கு எப்படி செவுளைத் தூக்கிப் பாக்கணும், காரப்பொடிங்கிற குட்டி மீனை ஏன் குழம்புல போடணும்னு சொல்லிக் குடுத்தாங்க, நான் ஒரு பீரியட்ல நடத்துறத அவங்க அஞ்சு நிமிஷத்துல முடிச்சாங்க. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை முட்டை போட ராத்திரியில இந்தக் கரைக்கு வரும்னு சொன்னதும் ஒரு பையன் மணல்ல காலை வைக்கவே பயந்துட்டான்.

இனிமே சொல்லப்போறதுதான் விஷயம். பஸ்ஸுக்குப் பின்னாடியே சில பெற்றோர் கார்லயும் பைக்லயும் வந்துட்டீங்க. ஆசைதான், புரியுது, பிள்ளைய முதல் தடவை தனியா அனுப்புறப்ப மனசு கேக்காது. ஆனா எட்டு மணிக்கு நாங்க தலை எண்ணினப்ப 62 பேர்ல 58 பேர்தான் இருந்தாங்க. திரும்பத் திரும்ப எண்ணினோம். டீச்சர்ஸ் ரெண்டு பேர் படகு மறைவுல எல்லாம் தேடினாங்க, நான் தண்ணி ஓரமா நின்னு அலையவே பாத்துக்கிட்டிருந்தேன், அந்த இருபது நிமிஷத்தை எனக்கு எழுதத் தெரியல. கடைசியில பாத்தா நாலு பேரையும் அவங்கவங்க வீட்டுல டிபனுக்கு ஈசிஆர் ஹோட்டலுக்கு கூட்டிட்டுப் போயிருக்காங்க. யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல.

இன்னொருத்தர் கணுக்கால் தண்ணிக்கு மேல போகக்கூடாதுன்னு நாங்க சொல்லியும் "நான் அவன் அப்பா, பக்கத்துலதானே இருக்கேன்"னு இடுப்பளவு தண்ணிக்கு இறக்கிட்டார். அலை சின்னதா தெரிஞ்சாலும் அடியில இழுக்கும்னு அங்க இருக்கிறவங்களே கத்துனாங்க. அதுக்கு மேல ஒரு கார் காயப்போட்ட நண்டு வலை மேலயே ஏறி நின்னுச்சு. அந்த அண்ணன் சத்தம் கூட போடல, குனிஞ்சு மிதவைய ஒவ்வொண்ணா எடுத்து பாத்துக்கிட்டிருந்தார். சுத்தமான, பாதுகாப்பான பீச்சுக்குக் குடுக்குற ப்ளூ ஃப்ளாக் சர்வதேச சான்றிதழை 2021ல வாங்கின பீச்தான் கோவளம், அதுக்காக படகு நிக்கிற பக்கமும் நமக்கு பிக்னிக் ஸ்பாட் ஆகிடாது, அவங்களுக்கு அதுதான் ஆபீஸ்.

அதனால நேரடியாவே சொல்றேன். ஸ்கூல் டிரிப்புக்கு யாரும் பின்னாடி வரக்கூடாது. வந்து பிள்ளைய நடுவுல கூட்டிட்டுப் போனா அந்தப் பிள்ளைக்கு அடுத்த டிரிப் கிடையாது. இதுல தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு எனக்கு கிடையாது. கூட வரணும்னு ஆசைப்படுறவங்க முன்னாடியே ஆபீஸ்ல பேர் குடுங்க, வாலண்டியரா பஸ்லயே வாங்க, அதுக்கு நாலு இடம் ஒதுக்கியிருக்கேன்.

திட்டுறேன்னு நினைக்காதீங்க. வலைக்கு உண்டான காசை ஒருத்தர் அன்னிக்கு சாயந்தரமே கொண்டு போய் குடுத்துட்டு வந்தார்னு கேள்விப்பட்டேன், ரொம்ப நன்றிங்க. மத்த பிள்ளைங்களுக்கும் சேர்த்து இட்லி கட்டி அனுப்பின அம்மாவுக்கும், சொன்ன டயத்துக்கு கேட்ல வந்து நின்ன எல்லாருக்கும் நன்றி. அடுத்த டிரிப்புக்கான சம்மதக் கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க.

இன்னொண்ணு, யூனிபார்ம் பாக்கெட்டை உதறிட்டு மெஷின்ல போடுங்க. பாதி பேர் நண்டு ஓட்டை உள்ள வச்சிருக்காங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியை