இரண்டு இடத்தில் மட்டும் இறங்குவோம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. நாங்கள் அங்கே வந்ததும் எல்லோருமாக டூர் பஸ்ஸில் ஊர் சுற்றப் போகிறோம் என்று படித்ததிலிருந்து அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். அருங்காட்சியகம், கோட்டை, பூங்கா, மணிக்கூண்டு, ஆற்றுப் படகு என்று மணிவாரியாக எழுதி வைத்திருக்கிறாய். இவ்வளவு மெனக்கெட்டுப் போட்ட திட்டத்தில் கைவைக்க மனம் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்: இதில் இரண்டே இரண்டு இடத்தை மட்டும் வைத்துக்கொள். மற்றதையெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்ப்போம்.

ஏன் என்றால், முதலில் நேரக் கணக்கு. வேண்டிய இடத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, பின்னால் வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம் என்பதுதான் இந்த வகை டூரின் வசதி. நல்ல வசதிதான். ஆனால் இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று போட்டிருந்தால், கூட்டமான நாளில் அது அரை மணி ஆகிவிடும். வருகிற பஸ்ஸிலும் நம் ஆறு பேருக்கும் சேர்ந்தாற்போல் சீட் கிடைக்காது. ஐந்து இடத்தில் இறங்கினால் நிறுத்தத்தில் நின்றே இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். பல ஊர்களில் ஒரு முழுச் சுற்றுக்கே அவ்வளவுதான் ஆகும்.

அடுத்தது அம்மாவின் முழங்கால். மாடி பஸ்ஸின் படிக்கட்டு குறுகலாக, செங்குத்தாக, திருகலாக இருக்கும். பஸ் கிளம்பிவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். ஒரு தடவை ஏறி இறங்குவது அவளுக்குப் பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்றால், வாயைத் திறந்து முடியாது என்று சொல்லமாட்டாள். உன் முகம் வாடக்கூடாது என்று ஏறுவாள், இறங்குவாள். ராத்திரி காலை நீட்டிக்கொண்டு தூங்காமல் கிடப்பாள். அவளை உனக்கே தெரியும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாம் ஒரு டூர் போனோமே, வழிகாட்டி ஒவ்வொரு இடத்திலும் "இங்கே அரை மணி" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிடுவார். ஓடுவோம், பார்ப்போம், ஓடி வருவோம். எந்த இடத்தில் எதைப் பார்த்தோம் என்பதே கடைசியில் கலந்துபோனது. அன்றைக்கு உன் மனதில் நின்றது ரயில்வே கேட்தான். பஸ் நின்றிருந்தபோது சரக்கு ரயிலின் பெட்டிகளை நீ சத்தமாக எண்ண ஆரம்பித்தாய். பின் சீட்டுக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் பஸ்ஸே எண்ணியது. பாதி டூர் முழுக்கத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்த உன் அம்மாவும் அப்போது பெட்டிகளை எண்ணினாள். இத்தனை வருஷம் கழித்தும் நீ சொல்லிச் சிரிக்கிற கதை அது. யாரும் எங்கும் ஓடாமல், எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நேரம் ஒரு குடும்பத்துக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. பஸ் அதைத் தருகிறது. அதை நிறுத்தத்துக்கு நிறுத்தம் துண்டு போட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

மேல்தளத்திலிருந்து பார்ப்பது குறைச்சலான பார்வை என்றும் நினைத்துவிடாதே. நம் கண் முதல் மாடி உயரத்துக்குப் போய்விடுகிறது. தரையில் நடக்கும்போது கடைப் பலகைகள்தான் கண்ணில் படும். அவற்றுக்கு மேலேதான் பழைய கட்டிடங்களின் அழகே இருக்கும். ஜன்னல் வளைவில் செதுக்கிய முகம், கட்டிய வருஷம் பொறித்த கல், அதன் இடுக்கில் புறா கூடு, பால்கனிக் கொடியில் காயும் துணி. கீழிருந்து சின்னதாகத் தெரியும் சிக்னல் விளக்கு, பக்கத்தில் வந்தால் ஒரு தட்டு அகலம் இருக்கும். சின்னவன் அதைப் பார்த்து என்ன சொல்லப் போகிறான் என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எந்தப் பக்கம் உட்காருவது என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். பஸ் எந்த ஓரமாகப் போகிறதோ, அந்தப் பக்கக் கட்டிடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். வேலைப்பாடுகளைப் பார்க்க அது நல்லது. முழுக் கட்டிடத்தையும் தலை முதல் கால் வரை பார்க்க எதிர்ப்பக்கம்தான் சரி. ஆளுக்கொரு பக்கம் பிரிய வேண்டாம், பாதி வழியில் இடம் மாற்றிக்கொள்வோம். மரக்கிளைகள் உரசும், பாலங்கள் தாழ்வாக வரும். பஸ் ஓடும்போது பிள்ளைகள் எழுந்து நிற்கக்கூடாது. இதில் மட்டும் நீ கண்டிப்பாக இரு.

மாடி பஸ் கவிழ்ந்துவிடுமா என்று பெரியவள் பயப்படுவதாக எழுதியிருந்தாய். அவளிடம் இதைச் சொல். பிரிட்டனில் மாடி பஸ்ஸுக்கு ஒரு சோதனை உண்டு. மேல்தளம் நிறைய ஆட்களின் எடைக்கு ஈடான பாரத்தை ஏற்றி, பஸ்ஸை 28 டிகிரி வரை பக்கவாட்டில் சாய்ப்பார்கள். கவிழாமல் இருந்தால்தான் தேறும். எஞ்சின், அச்சு என்று கனமானவை எல்லாம் அடியில் இருப்பதால்தான் அது நிற்கிறது. அவள் கணக்குப் பாடத்தில் பாஸ்கல் முக்கோணம் வந்திருக்குமே, அந்த பாஸ்கலின் யோசனைப்படிதான் 1662-இல் பாரிஸில் குறிப்பிட்ட வழித்தடத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு, இன்றைய பஸ்ஸுக்கு முன்னோடியான குதிரை வண்டிகள் ஓடின. படைவீரர்களும் வேலைக்காரர்களும் ஏறக்கூடாது என்று தடை இருந்தது. அந்தச் சேவை நெடுநாள் நீடிக்கவுமில்லை. யாரும் ஏறலாம் என்ற பஸ்ஸில் நாம் போகிறோம் என்பதையும் அவளுக்குச் சொல்.

சின்னவனுக்கு வண்டியில் குமட்டுமே, அதற்கும் யோசித்து வைத்திருக்கிறேன். பஸ் ஆடும்போது கீழ்த்தளத்தைவிட மேல்தளம் அதிகம் அசையும். உள்காது அசைவைச் சொல்லும், கையிலிருக்கும் போனைப் பார்க்கும் கண் அசைவில்லை என்று சொல்லும். அந்தக் குழப்பத்தில்தான் வயிறு புரட்டும். போனை வாங்கி வைத்துவிட்டு தூரத்தைப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் நான் அவனோடு கீழே முன் சீட்டில் உட்காருகிறேன்.

இயர்போன் விஷயத்திலும் ஒரு வேண்டுகோள். சீட்டுக்குச் சீட்டு ஒன்று கொடுப்பார்கள், மொழிக்கு ஒரு எண் இருக்கும். அதில் தமிழ் இருப்பது அரிது. ஆறு பேரும் காதை அடைத்துக்கொண்டு தனித்தனியாக உட்கார வேண்டாம். நீ மட்டும் போட்டுக்கொண்டு, கேட்டதை எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வா. அம்மா நடுநடுவே கேள்வி கேட்பாள், சின்னவன் குறுக்கே பேசுவான், பாதி வரலாறு விட்டுப்போகும். போகட்டும், எனக்கு உன் குரலில் கேட்க வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போது 24 மணி நேரம் என்றால் எப்போதிலிருந்து என்று பார்த்துக்கொள். முதலில் ஏறியதிலிருந்து கணக்கு என்றால், மத்தியானம் ஏறி மறுநாள் காலை மீதியைப் பார்க்கலாம், யாருக்கும் களைப்பு இருக்காது. அந்த ஒரு தேதிக்கு மட்டும் என்றால் காலையிலேயே கிளம்ப வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் குறித்து வை. அருங்காட்சியகம் அன்று திறந்திருக்குமா பார். பல ஊர்களில் திங்கள் விடுமுறை, பாரிஸின் லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். திறந்த மாடியில் காற்று அடிப்பதால் வெயில் உறைக்காது, ராத்திரிதான் தோல் எரியும். பிள்ளைகளுக்கு நாடாவைத்த தொப்பி வாங்கிவிடு, மற்றது பறந்துவிடும்.

எந்த இரண்டு இடம் என்பதை பிள்ளைகளிடம் விட்டுவிடு, ஆளுக்கு ஒன்று. மாப்பிள்ளைக்கு அன்று விடுப்பு கிடைக்குமா என்று மட்டும் கேட்டு எழுது. கிடைக்காவிட்டால் வேறு நாள் பார்ப்போம். அவரை விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

அன்புடன்,
அப்பா