லேசர் கோட்டை நம்பும் முன் பத்து நிமிடச் சோதனை

ஆசிரியருக்கு,

வீடு கட்டும் இடங்களில் மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் இருந்த இடத்தை, சுவரில் ஒளிக்கோடு போடும் லேசர் லெவல் பிடித்துவிட்டது. டைல்ஸ் ஒட்டுவது, ஃபால்ஸ் சீலிங் அடிப்பது, சுவிட்ச் பெட்டிக்குக் கோடு போடுவது எல்லாம் அந்தப் பச்சைக் கோட்டை நம்பித்தான் நடக்கின்றன. கோடு நேராக இருப்பதால் மட்டமாகவும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சாரத்திலிருந்து விழுந்த கருவியும் அதே பளிச்சென்ற நேர்கோட்டைத்தான் காட்டும். 8 மீட்டர் கூடத்தின் ஒரு முனையில் அது இரண்டு நூல் (சுமார் 6 மி.மீ.) ஏறியிருந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. டைல்ஸ் ஒட்டி, கதவு மாட்டும்போதுதான் தெரியும். ஆகவே, வேலை தொடங்கும் நாளில் பத்து நிமிடம் ஒதுக்கிக் கருவியைச் சோதித்த பிறகே கோடு போடும்படி மேஸ்திரிகளையும் வீட்டுக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

கருவிக்குள் இருப்பது ஒரு சின்னத் தூக்குக்குண்டுதான். லேசர் டயோடுகள் பொருத்திய ஊசல் ஒன்று நுண்ணிய பேரிங்கில் தொங்குகிறது. அதன் ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்கக் காந்தம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கருவிகளில் ஏறத்தாழ 4 டிகிரி சாய்வு வரை ஊசல் தானே மட்டத்துக்கு வரும். அதற்கு மேல் சாய்ந்தால் கோடு விட்டுவிட்டு எரியும், சிலவற்றில் பீப் ஒலியும் வரும். அது பழுதல்ல, எச்சரிக்கை.

முதலில் பார்க்க வேண்டியது, கோடு ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்பது. சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி உறுதியான தரையில் கருவியை வைத்து, கோட்டின் நடுவைக் கூரான பென்சிலால் குறியுங்கள். 5 மீட்டரில் கோடே சுமார் 2 மி.மீ. தடிமன் இருக்கும் என்பதால், எப்போதும் நடுவை மட்டுமே குறிக்க வேண்டும். பிறகு கருவியின் முன்பக்கத்தை விரலால் லேசாகத் தூக்கி, இருந்த இடத்திலேயே மெல்ல இறக்குங்கள். ஆட்டம் அடங்கியதும் பாருங்கள். பின்பக்கம், இடம், வலம் என்று நான்கு பக்கமும் இதையே செய்யுங்கள். கோடு நான்கு முறையும் பழைய குறியிலேயே வந்து நின்றால் ஊசல் நன்றாக இருக்கிறது. ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று நின்றால் பேரிங்கில் தூசி சேர்ந்திருக்கும், அல்லது ஊசலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் மெல்லிய கம்பி விறைத்து அதை இழுத்துக்கொண்டிருக்கும். இப்படி அலையும் பிழையை எந்தத் திருகைத் திருப்பினாலும் சரிசெய்ய முடியாது. அந்தக் கருவியை ஓரமாக வைத்துவிடுங்கள்.

கோடு ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், அந்த இடம் சரிதானா என்று பார்க்க இரண்டு சுவர் சோதனை. எதிரெதிரே 5 மீட்டர் இடைவெளியில் கிழக்குச் சுவர், மேற்குச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். கிழக்குச் சுவரை ஒட்டினாற்போல் ஸ்டாண்டில் கருவியை வைத்து, அந்தச் சுவரில் முதல் குறி. உயரத்தைத் தொடாமல் கருவியைத் திருப்பி, மேற்குச் சுவரில் இரண்டாவது குறி. அடுத்து ஸ்டாண்டை மேற்குச் சுவர் அருகே கொண்டுபோய், கோடு சரியாக இரண்டாவது குறியில் விழும்வரை உயரத்தைக் கூட்டிக் குறையுங்கள். அதே உயரத்தில் கருவியைக் கிழக்கே திருப்பி, முதல் குறிக்கு நேர் மேலோ கீழோ மூன்றாவது குறி. முதல் குறிக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளி, போக 5 வர 5 ஆக 10 மீட்டருக்கான பிழை. மீட்டருக்கு 0.3 மி.மீ. என்று பெட்டியில் அச்சிட்ட கருவிக்கு 3 மி.மீ., அதாவது ஒரு நூல் வரை போகலாம். இரண்டு நூல் வந்தால் சர்வீசுக்குத்தான் கொடுக்க வேண்டும். 3 மீட்டர் அறையில் இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை. கோட்டின் தடிமனே பிழையை விழுங்கிவிடும்.

சுற்றிலும் கோடு போடும் 360 டிகிரி கருவி வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். கோடுதான் எல்லாச் சுவரிலும் விழுகிறதே என்று கருவியைத் திருப்புவதில்லை. அப்படிச் செய்தால் ஒரு பக்கம் ஏறிய அளவு மறுபக்கம் இறங்கி, பிழை இருந்தும் குறிகள் ஒன்றாகவே விழும். கருவியின் ஒரே முகம்தான் இரண்டு சுவரையும் பார்க்க வேண்டும்.

கோடு பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, சுவரில் ஒரே குறியின்மேல் கோட்டின் இடது முனை, நடு, வலது முனை மூன்றும் விழும்படி கருவியை மெல்லத் திருப்பினால் போதும். செங்குத்துக் கோட்டுக்கு இன்றும் தூக்குக்குண்டை மிஞ்சியது இல்லை. காற்றில்லாத இடத்தில் 2.5 மீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிட்டு, மேலிருந்து கீழ்வரை கோடு நூலின்மேலேயே ஓடுகிறதா என்று பாருங்கள்.

மட்டமான இடத்திலும் கோடு விட்டுவிட்டு எரிந்தால் முதலில் பூட்டைப் பாருங்கள். ஊசலைப் பூட்டிவைத்தால் பல கருவிகள் சில நொடிக்கு ஒருமுறை சிமிட்டும். பூட்டைத் திறந்த பிறகும் ஓயவில்லை என்றால் உள்ளே ஊசல் எங்கோ தட்டுகிறது. 10 டிகிரி சாய்த்தும் சிமிட்டாத கருவி இதைவிட ஆபத்தானது. எச்சரிக்கையே செத்துப்போன நிலையில் அது தவறான கோட்டைத் துணிச்சலாகக் காட்டும். கோடு நடுங்கினால் பக்கத்தில் கான்கிரீட் வைப்ரேட்டரோ டைல்ஸ் கட்டரோ ஓடுகிறதா பாருங்கள். மங்கினால் பேட்டரி, அதன் ஸ்பிரிங்கில் பூத்த துரு, கண்ணாடியில் படிந்த சிமெண்ட் தூசி என்று வரிசையாகப் பாருங்கள். தூசியை முதலில் ஊதுகுமிழால் ஊதிவிட்டுப் பிறகே மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். நேரே துடைத்தால் சிமெண்ட் கண்ணாடியைக் கீறிவிடும். வெயிலில் கோடு தெரியாதது பழுதல்ல. ஒளியை மிக வேகமாக விட்டுவிட்டு அனுப்பும் பல்ஸ் முறையைப் போட்டு, கோட்டை உணர்ந்து காட்டும் ரிசீவரில் அந்த நிறத்துக்கு உரியதை வைத்துப் பிடிக்க வேண்டும். சிவப்புக்கான ரிசீவர் பச்சைக் கோட்டை எடுக்காமல் போகலாம்.

இவ்வளவு பழுதுக்கும் பெரிய காரணம், ஊசலைப் பூட்டாமல் பைக்கில் எடுத்துப்போவதுதான். ஒவ்வொரு பள்ளத்திலும் ஊசல் போய் இடிக்கிறது.

பாதி வேலையில் பிழை தெரிந்து, மாற்றுக் கருவியும் இல்லை என்றால் ஒரு வழி உண்டு. மட்டம் எடுக்க வேண்டிய இரண்டு புள்ளிகளுக்கும் சரிநடுவில் கருவியை வைத்து, ஒரே முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் கோட்டின் நடுப்பகுதியால் குறியுங்கள். இரண்டு குறியும் ஒரே அளவு ஏறியோ இறங்கியோ இருக்கும், ஒன்றுக்கொன்று மட்டமாகவே அமையும். பிழை அலையாத கருவிக்கு மட்டும் இது பொருந்தும்.

கருவி விற்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விரலால் தூக்கி இறக்கும் சோதனைக்கு ஒரு சுவர் போதும், இரண்டு நிமிடம் ஆகும். பெட்டியைக் கையில் கொடுக்கும் முன் வாங்குபவர் எதிரிலேயே அதைச் செய்து காட்டுங்கள். பூட்டு எங்கே இருக்கிறது என்பதையும் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அளவுக் கருவிகள் பழுதுபார்ப்போர் சிலர்,
கோயம்புத்தூர்