உறைக்குள் அடங்காத கடன்

ஆசிரியருக்கு,

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் தரப்படும் நன்கொடைகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தி கண்டேன். மகிழ்ச்சி. ஆனால், கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்ற எண்ணம் எங்கள் கத்தோலிக்கரிடையே ஊறிப்போயிருக்கிறது. திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும். அதனால் விளைந்த தீங்கைச் சரிசெய்யும் கடமை அப்படியேதான் இருக்கும் என்கிறது திருச்சபையின் போதனைகளைத் தொகுத்து 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல். திருடியதைத் திருப்பிக் கொடுப்பதையே அது எடுத்துக்காட்டாகவும் தருகிறது. லூக்கா நற்செய்தியில் வரும், வரி வசூலிப்பவரான சக்கேயு பாதிச் சொத்தை ஏழைகளுக்குத் தருவதாகச் சொன்னதோடு நிற்கவில்லை. ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார்.

எங்கள் பங்கு ஆலயத்தில் நன்கொடை உறைகளை வாங்கிவைக்கும் தொண்டூழியன் நான். கனமான உறையை நீட்டிய ஒருவர், வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பளம் இரண்டு மாதமாக நிற்பதைப் பேச்சுவாக்கில் சொன்னார். 'அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்' என்றார், சிரித்துக்கொண்டே. ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம் போலத் தமிழ்த் திருப்பலி நடக்கும் ஆலயங்களாவது உறையின் பின்பக்கத்தில் ஒரு வரி அச்சிடலாம்: 'யாருக்காவது கூலியோ கடனோ பாக்கி உண்டா? முதலில் அதைக் கொடுங்கள்.' வசூல் குறைந்தால் குறையட்டும்.

— வாசகர், சிங்கப்பூர்